கடை வாசலில் ஆசாரம்: தென்காசிச் சீமையில் மறுப்பின் வரலாறு

கடையைத் திறந்து வைத்திருப்பவர் வந்தவருக்கெல்லாம் சரக்கைக் கொடுத்தாக வேண்டுமா, அல்லது தன் மதமும் ஆசாரமும் இடம் தராதவர்களைத் திருப்பி அனுப்பலாமா? இந்த வழக்கு தென்காசி வட்டாரத்துக்குப் புதியதல்ல. தன்பால் இணையருக்குத் திருமணக் கேக் செய்துதர மாட்டேன் என்ற அடுமனைக்காரர்களை வைத்து மேலை நாடுகள் இதைப் பேசத் தொடங்கியது அண்மையில்தான். இங்கே அது காப்பிக் குவளையிலும் சத்திரத்துத் திண்ணையிலும் மிட்டாய்க் கடையிலும் நூறாண்டுக்கு மேலாகக் கிடந்து, பல முறை நீதிமன்றப் படியும் ஏறியிருக்கிறது. மறுத்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் சொன்ன காரணம் வழக்கம், ஆசாரம், சாஸ்திரம்.

தென்காசியும் குற்றாலமும் வெளியூர்க்காரர்களை நம்பி வாழும் ஊர்கள். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலுக்கும், சித்திர சபையுள்ள குற்றாலநாதர் கோயிலுக்கும் வருவோர் ஒரு பக்கம். ஆனியில் சாரல் விழத் தொடங்கியதும் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் வருவோர் இன்னொரு பக்கம். பழைய நாளில் இவர்கள் எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதைச் சாதியே முடிவு செய்தது. கையில் கட்டுச்சோறு இருக்கும். இல்லையென்றால் தன் சாதிக்காரர் வீடு, தன் சமூகத்தார் கட்டிவைத்த மடம் அல்லது சத்திரம். சோறு விலைக்கு விற்கும் பொருளாக இல்லாதவரை, யாருக்கு விற்பது என்ற கேள்விக்கே இடமில்லை. 1904-இல் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் காப்பிக் கிளப்புகளும் சாப்பாட்டு ஓட்டல்களும் பெருகின. அடுக்களை கடையானதும் தீட்டு கல்லாப்பெட்டிப் பக்கம் வந்து உட்கார்ந்தது.

மறுப்புக்கு ஆளானவர்கள் எல்லாரும் ஒரே வழியில் போகவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வடக்கே வணிகத்துக்குப் போன நாடார்கள், தங்குவதற்கும் சரக்கை இறக்கிவைப்பதற்கும் தங்களுக்கென்றே பேட்டைகளைக் கட்டினார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகை என்று மகமை வசூலித்து, அந்தப் பணத்தில் கிணறும் கோயிலும் பள்ளிக்கூடமும் எழுப்பினார்கள். கதவு திறக்காத இடத்தில் தட்டிக்கொண்டிராமல் தனிக் கதவு வைத்துக்கொண்ட வழி இது. பொதுக் கோயில் என்று வந்தபோது அந்த வழி போதவில்லை. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து ராமநாதபுரம் சேதுபதி தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908-இல் வந்த தீர்ப்பு நாடார்களுக்கு எதிரானது. வழக்கமே சட்டமாக நின்றது. நடுவே 1899-இல், நாடார்கள் தாக்கப்பட்ட சிவகாசிக் கொள்ளையும் நடந்து முடிந்திருந்தது.

சேர்ந்து உண்பதில் உள்ள சிக்கல் அரசியலானது நெல்லைச் சீமையின் சேரன்மாதேவியில். 1922-இல் வ.வே.சு. ஐயர் நடத்தத் தொடங்கிய குருகுலம் தேசியக் கல்விக்கானது. அதற்குத் தமிழ்நாடு காங்கிரஸ் பணம் கொடுத்திருந்தது, பிராமணரல்லாத செல்வந்தர்களும் அள்ளிக் கொடுத்திருந்தார்கள். அங்கே பிராமணச் சிறுவர்கள் இருவருக்குத் தனிப் பந்தி நடந்தது. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்பது ஐயர் சொன்ன காரணம். பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் தனிப் பந்தி கூடாது என்றார்கள் காங்கிரஸ் தலைவர்கள் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும். ஐயரைக் கெட்ட எண்ணம் கொண்டவர் என்று அவருடைய எதிரிகளிலேயே பலர் சொல்லவில்லை என்பது கவனிக்க வேண்டியது. அவர் காப்பாற்ற நினைத்தது இரு பெற்றோரின் சமய நம்பிக்கையை. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்திருந்த சிறுவர்கள். 1925 ஜூனில் பாபநாசத்துக்கு மேலுள்ள கல்யாண தீர்த்தத்தில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார். அந்த விலகலுக்குக் காரணம் வகுப்புவாரி ஒதுக்கீடு கோரிய தீர்மானம் ஏற்கப்படாதது என்றாலும், குருகுலப் பந்தியின் கசப்பு அதற்குள் இருந்தது.

பந்திப் பிரிவினை ரயில் நிலையத்துச் சாப்பாட்டு அறைகளிலும் இருந்தது. தென்னிந்திய ரயில் நிலையங்களில் அது 1941-இல் எடுக்கப்பட்டது. ஓட்டல்களின் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் அதற்குப் பிறகும் தொங்கியது. 1957 மே மாதம் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே முன்னால் திராவிடர் கழகம் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நீடித்தது. கடைக்காரர் தன் குலத்தைப் பலகையில் எழுதுவது அவருடைய உரிமையா, வாசலில் நிற்பவருக்கு விடுக்கும் எச்சரிக்கையா என்பதுதான் அங்கே சண்டை. பலகை கடைசியில் இறங்கியது.

கிராமத்து டீக்கடையில் பலகை எதுவும் தேவைப்படவில்லை. தலித்துகளுக்குச் சிரட்டை, அல்லது கூரை விளிம்பில் தனியாகச் செருகிவைத்த குவளை. குடித்தவரே அதைக் கழுவி இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். காசைக் கையில் வாங்காமல் பலகையில் வைக்கச் சொல்வார்கள். டீயை உயரத் தூக்கி ஊற்றுவார்கள். பெஞ்சு மற்றவர்களுக்கு, தரை இவர்களுக்கு. துணி வெளுப்பவரும் முடி வெட்டுபவரும் ஊர்ப் பொதுத் தொழிலாளிகள் என்று பெயர். ஆனால் அந்த ஊருக்குள் சேரி இல்லை.

குற்றாலத்திலிருந்து சில மைல் தொலைவிலுள்ள செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1936 நவம்பர் 12-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் சமஸ்தானத்துக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் சென்னை மாகாணம். இங்கே 1938-இல் தலித் தலைவர் எம்.சி. ராஜா முன்னின்ற சமூகக் குறைகள் நீக்கும் சட்டம் வந்தது. கோயில் கதவு அதற்கும் பிறகுதான் அசைந்தது. 1939 ஜூலை 8-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் அழைத்துப்போன குழுவில் தலித்துகளோடு ஒரு நாடாரும் இருந்தார். கமுதித் தீர்ப்பு வந்து அப்போது 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. உள்ளே போனவர்களுக்கும் அழைத்துப்போனவர்களுக்கும் பாதுகாப்பாக ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1947-இல் மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1-இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.

அரசியலமைப்புச் சட்டம் கோயிலையும் கடையையும் இரண்டு வேறு இடங்களில் வைத்துப் பேசியது. 25-ஆம் பிரிவு மதச் சுதந்திரத்தைத் தருகிறது. ஆனால் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு அடங்கியதாகவே தருகிறது. 15-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அரசோடு நிற்காமல் தனி மனிதர்களையும் கட்டுகிறது: மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காட்டிக் கடை, உணவகம், விடுதி, கேளிக்கை இடம், கிணறு, குளம், படித்துறை எதிலும் எவரையும் தடுக்கக் கூடாது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, சலவைக்காரரும் முடி திருத்துபவரும் இதில் அடங்குவார்களா என்று கேட்டார்கள். கேட்டு வருபவருக்குத் தன் சேவையைத் தரத் தயாராக இருக்கும் இடம் எதுவோ அதுவே கடை என்ற பரந்த பொருளில் அம்பேத்கர் விளக்கம் தந்தார். தென்காசிக் கிராமங்களின் நடைமுறை தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இதற்குத் தண்டனை வகுத்தது. வழக்கமான வியாபாரத்தில் மற்றவர்களுக்குத் தரும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் ஒரு பொருளையோ சேவையையோ தீண்டாமையின் பெயரால் மறுப்பது அதன் 6-ஆம் பிரிவின்படி குற்றம். 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அந்தத் திருத்தம் இன்னும் ஒருபடி மேலே போனது. வரலாற்றையோ தத்துவத்தையோ மதத்தையோ சாதி மரபையோ காட்டித் தீண்டாமையை நியாயப்படுத்துவதே அதை ஊக்குவிப்பதாகும் என்று விளக்கம் சேர்ந்தது. கடைக்காரர் மத நம்பிக்கையை மறுப்புக்குக் காரணமாகச் சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ளச் சட்டம் இங்கே தயாராக இல்லை; அப்படிச் சொல்வதையே குற்றத்தின் ஒரு பகுதியாக்கிவிட்டது. இந்த அளவு கண்டிப்பு மற்ற நாட்டுச் சட்டங்களில் அரிது.

சடங்கைப் பொறுத்தவரை அதே சட்டம் இவ்வளவு கடுமை காட்டவில்லை. 1957-இல் மூல்கி வெங்கடரமணர் கோயில் வழக்கில் உச்ச நீதிமன்றம், கோயில் எல்லா இந்துக்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது. கூடவே, குறிப்பிட்ட சில சடங்குகளின்போது அந்தக் கோயிலுக்குரிய சமூகத்தார் மட்டும் இருக்கலாம் என்றும் இடம் விட்டது. கடையில் கிடைக்காத விலக்கு கர்ப்பகிருகத்துக்கு அருகில் கிடைத்தது.

செங்கோட்டை அருகே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள மீனாட்சிபுரம் 1981 பிப்ரவரி 19-க்குப் பிறகு நாடறிந்த பெயரானது. அன்று அந்த ஊரில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தில் சேர்ந்தன. ஊருக்கு ரஹ்மத் நகர் என்ற பெயரும் வந்தது. வளைகுடாப் பணம், வெளிநாட்டுச் சதி என்று டெல்லி வரை பேச்சு எழுந்தது. வாஜ்பாய் உள்ளிட்ட தலைவர்கள் ஊருக்கு வந்தார்கள், விசுவ இந்து பரிஷத் தன் வேலையைத் தீவிரமாக்கியது. மதம் மாறியவர்கள் வந்தவர்களிடம் சொன்ன காரணங்களோ டீக்கடையையும் பேருந்தையும் காவல் நிலையத்தையும் சுற்றியே இருந்தன. நேற்றுவரை 'ஏலே' என்று கூப்பிட்டவர் இன்று 'பாய்' என்கிறார், பெஞ்சில் உட்காரச் சொல்கிறார் என்றார்கள். இதற்கு ஒரு விலை இருந்தது: 1950-ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இஸ்லாத்துக்கு மாறியவர் பட்டியல் சாதிக்குரிய சலுகைகளை இழப்பார். தெரிந்தே அதை இழந்து மாறினார்கள் என்பது, டீக்கடை பெஞ்சின் மதிப்பை எந்த ஆய்வறிக்கையையும் விடத் தெளிவாகக் காட்டுகிறது. மறுப்பதற்கு மதத்தைக் காட்டிய அதே வட்டாரத்தில் மறுக்கப்பட்டவர்கள் மதச் சுதந்திரத்தைக் கொண்டே வெளியேறினார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறித்தவர் கலவரத்துக்குப் பிறகு அமைந்த நீதிபதி வேணுகோபால் ஆணையம் கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்றது. 2002-இல் ஜெயலலிதா அரசு அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்து 2004-இல் தானே விலக்கிக்கொண்டது.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. மூன்றாண்டுக்குள் சங்கரன்கோவில் வட்டத்துப் பாஞ்சாங்குளம் செய்தியில் வந்தது. 2022 செப்டம்பரில் பரவிய காணொளியில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிக் குழந்தைகளிடம், ஊரில் கூட்டம் போட்டுக் கட்டுப்பாடு விதித்திருக்கிறார்கள், உங்கள் தெருவில் யாருக்கும் பொருள் கிடையாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். அவர் குரலில் கோபம் இல்லை. விலையைச் சொல்வதுபோலச் சொல்கிறார். ஏன் என்று புரியாமல் குழந்தைகள் நிற்கிறார்கள். பழைய அடிதடி வழக்கு ஒன்றைத் திரும்பப் பெறவைக்க நெருக்குதல் தருவதற்கான புறக்கணிப்பு அது என்று செய்திகள் வந்தன. கடைக்கு வருவாய்த் துறை சீல் வைத்தது. கடைக்காரர் உள்ளிட்டோர் கைதாயினர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, குற்றம் செய்யக்கூடும் என்று கருதப்படுபவரை அந்தப் பகுதியிலிருந்தே வெளியேற்ற நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதுவரை அதிகம் எடுக்கப்படாத அந்தப் பிரிவைக் காவல் துறை கையில் எடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று திருநெல்வேலி சிறப்பு நீதிமன்றம் தடை விதித்தது. சாஸ்திரம் பேசப்படாத மறுப்பு இது. ஆசாரம் போன இடத்தை ஊர்க்கட்டுப்பாடு பிடித்துக்கொண்டிருந்தது.

தன்பால் இணையர் இந்த வரலாற்றுக்குள் வருவது கல்யாணத்தின் வழியாக. குற்றாலம் விடுதிகளில் சாரல் காலத்தில் இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ ஓர் அறை எடுப்பது அன்றாடக் காட்சி. யாரும் என்ன உறவு என்று கேட்பதில்லை. ஓர் ஆணும் பெண்ணும் வந்தால்தான் தாலியைத் தேடும் பார்வை. கோவையில் திருமணமாகாத இருவர் தங்கியிருந்ததைக் காரணங்களில் ஒன்றாகக் காட்டி ஒரு விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அப்படித் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொல்ல வேண்டியிருந்தது. தன்பால் இணையருக்குச் சிக்கல் தொடங்குவது, தாங்கள் இணையர் என்று வாய்திறந்து சொல்லும்போது: கல்யாண மண்டபத்தில், அழைப்பிதழ் அச்சடிக்கும் இடத்தில், புரோகிதரிடத்தில், பதிவு அலுவலகத்தில்.

புரோகிதர் வர மறுத்தால் என்ன செய்வது என்பதற்குத் தமிழ்நாடு முன்பே ஒரு விடை கண்டிருந்தது. சுயமரியாதைத் திருமணங்களைப் புரோகிதர் இல்லாமலேயே செல்லுபடியாக்கும் வகையில் அண்ணாதுரை அரசு 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. மனம் ஒப்பாத அர்ச்சகரை மணவறைக்கு இழுத்துவராமல், அவர் இல்லாமலும் நடத்திக்கொள்ள வழி செய்த ஏற்பாடு இது. மேலை நாட்டு வழக்குகளில் இவ்வளவு எளிதான வழி அமையவில்லை. இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு விருந்தினர் விடுதி நடத்திய கிறித்தவத் தம்பதியர், சட்டப்படி இணைந்த ஆண்கள் இருவருக்கு இரட்டைக் கட்டில் அறை தர மறுத்தார்கள். 2013-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது பாகுபாடு என்றது. தன்பால் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தைக் கேக்கில் எழுத மறுத்த பெல்ஃபாஸ்ட் அடுமனைக்கு 2018-இல் அதே நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறுத்தது ஆளை அல்ல, வாசகத்தை என்பது காரணம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் கொலராடோ கேக் வழக்கில், மாநில ஆணையம் கடைக்காரரின் மதத்தை நடுநிலையோடு அணுகவில்லை என்ற குறுகிய காரணத்தில் அவர் பக்கம் நின்றது. 2023-இல் இணையதள வடிவமைப்பாளர் ஒருவர் வழக்கில் பேச்சுரிமையைக் காரணமாக்கியது. நம் 1976-ஆம் ஆண்டு விளக்கத்தை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சாதி விஷயத்தில் இந்தியா எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தெரியும். அந்தத் தூரம் சாதிக்கு மட்டுமே.

1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, மனம் ஒத்த வயதுவந்தோர் உறவைக் குற்றமாக்கிய அளவில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-இல் தீர்ப்பளித்தது. அதுவரை குற்றவாளியாகக் கருதப்படக்கூடியவர் கடைக்காரரின் மறுப்பை எதிர்த்து எங்கே போய் முறையிட முடியும்? அதே ஆண்டு அக்டோபரில் தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவாளர் பதிய மறுத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று சொல்லிப் பதிவு செய்ய உத்தரவிட்டார். மறுப்பால் மீறப்பட்டவை என்று அவர் குறிப்பிட்ட அரசியலமைப்புப் பிரிவுகளில் 25-உம் ஒன்று. மதச் சுதந்திரம் இங்கே மணமக்கள் பக்கம் நின்றது.

2021 ஜூன் 7-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில், தன்பால் ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளைத் தடை செய்தார். 2023 நவம்பரில், இணைந்து வாழ்வோர் பதிவு செய்துகொள்ளத்தக்க குடும்பப் பிணைப்பு ஆவணம் ஒன்றை அரசு பரிசீலிக்கலாம் என்றார். அதற்கு முந்தைய மாதம், 17-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் தன்பால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர மறுத்துவிட்டது. இணையருக்கான உரிமைகளை ஆராய மத்திய அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு அமைப்பதாக மத்திய அரசு தந்த உறுதியைப் பதிவு செய்துகொண்டது. 2025 மே 22-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் சுவாமிநாதன், லட்சுமிநாராயணன் அமர்வு, குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றது.

இவை எல்லாம் அரசையும் காவல் துறையையும் பெற்றோரையும் நோக்கிய தீர்ப்புகள். கடைக்காரரை நோக்கிச் சட்டம் பேசுவது குறைவு. திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொதுமக்களுக்கான பொருள், சேவை, தங்குமிடம் ஆகியவற்றில் திருநரிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சிகிச்சையில் பாலீர்ப்பை வைத்து வேறுபாடு கூடாது என்கிறது. மண்டபம், விடுதி, அச்சகம், புகைப்படக்காரர், சமையல் காண்ட்ராக்டர் ஆகியோர் தன்பால் இணையரை மறுத்தால் தண்டிக்கத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. 15-ஆம் பிரிவிலுள்ள 'பால்' என்பது பாலீர்ப்பையும் உள்ளடக்கும் என்ற வாதத்துக்கு 377 பற்றிய 2018 தீர்ப்பில் நீதிபதிகள் சிலர் எழுதிய பகுதிகள் துணை நிற்கின்றன. அப்படிப் படித்தால் அம்பேத்கர் சொன்ன கடை இவர்களுக்கும் திறந்ததே. ஆனால் அந்தப் படிப்பைக் கையில் கொண்டு மறுத்தவர் ஒருவரை நீதிமன்றத்துக்கு இழுத்த வழக்கு தென்காசி மாவட்டத்திலிருந்து வந்ததாகப் பெயர்பெற்றது எதுவும் இல்லை. ஊரைவிட்டு விலக்கப் பாஞ்சாங்குளத்தில் கிடைத்த பிரிவு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரியது.